108 பீஸ் டூல் செட்டா, 10 நல்ல டூலா? பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

பைக்கை நாமே பார்த்துக்கிட்டா மாசம் எவ்வளவு மிச்சமாகும்னு வீடியோவில் பேசியிருந்தேன். அதுக்கு அப்புறம் அதிகம் வந்த கேள்வி ஒன்றுதான்: "எந்த டூல் செட் வாங்கலாம்?" வீடியோவில் சொல்ல நேரம் இல்லாத கணக்கை இங்கே முழுசா எழுதறேன்.

முதலிலேயே பதிலைச் சொல்லிடறேன். செட் வாங்காதீங்க. உங்க வண்டிக்குத் தேவையான 10 டூலை மட்டும், தரமானதா, ஒவ்வொன்றாக வாங்குங்க. ஏன்னு பார்க்கலாம்.

ஒரு பீஸ் 28 ரூபாய் என்ற மாயை

ஆன்லைனில் 108 பீஸ் செட் ரூ. 2,999-க்கு வருதுன்னு வைத்துக்கொள்வோம். வகுத்தா ஒரு பீஸ் சுமார் ரூ. 28. ரொம்ப மலிவாத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட், ஒரே அளவில் இரண்டு வகை சாக்கெட், உங்க வண்டியில் எங்கேயுமே பொருந்தாத அளவுகள். உங்க கை உண்மையில் தொடப்போவது 10 பீஸைத்தான். இப்போ வகுத்துப் பாருங்க: ஒரு பீஸ் ரூ. 300. அந்த விலைக்கு நல்ல கம்பெனி ஸ்பானரே தனியாகக் கிடைக்கும்.

பயன்படுத்தாத பொருளின் விலையையும் பயன்படுத்தும் பொருளின் தலையில்தான் ஏற்றணும். ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டிட்டு 12 நாள் போன கணக்குதான் இதுவும்.

டூலின் உண்மையான விலை போல்ட்டில் இருக்கு

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயம். ஸ்பானர் மட்டமா இருந்தா கெட்டுப்போவது ஸ்பானர் மட்டும் இல்லை. போல்ட்டின் தலை மழுங்கிடும்.

காரணம் எளிமையானது. போல்ட் தலைக்கு ஆறு மூலை. ஓப்பன் ஸ்பானர் அழுத்தம் கொடுக்கும்போது இரண்டு மூலையில்தான் விசை விழும். ரிங் ஸ்பானரில் அது ஆறு மூலைக்கும் பிரியும். மட்டமான ஸ்பானரில் வாய் அளவு சரியா இருக்காது, எஃகும் மென்மையா இருக்கும். அழுத்தினா வாய் விரியும், ஸ்பானர் நழுவும், மூலை உருண்டு போகும். அடுத்த தடவை எந்த ஸ்பானரும் பிடிக்காது.

இப்போ கணக்குக்கு வரலாம். இன்ஜின் ஆயில் டிரெயின் போல்ட் தலை மழுங்கிடுச்சுன்னு வைங்க. எல்லாம் உதாரண விலைதான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கங்க.

- மெக்கானிக் அதைக் கழட்டித்தர கூலி: ரூ. 500
- புது போல்ட், வாஷர்: ரூ. 100
- வண்டி இல்லாமல் 2 நாள் ஆபீஸ் போக ஆட்டோ: ரூ. 600

மொத்தம் ரூ. 1,200. நல்ல ஸ்பானருக்கும் மட்டமான ஸ்பானருக்கும் விலை வித்தியாசம் ரூ. 150-ன்னு வைத்தால், மட்டமான ஸ்பானர் வாங்கிய 8 பேரில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை இது நடந்தாலே அந்த மிச்சம் முழுசாப் போச்சு. கை நழுவி விரல் முட்டி கிழியறதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூன்று கூடை

அதனால் டூல் வாங்கும்போது "என்ன விலை?" என்பதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி: "இது தப்பினால் எனக்கு என்ன செலவு?" அதை வைத்து எல்லா டூலையும் மூன்று கூடையில் போடலாம்.

முதல் கூடை, பணத்தைப் போட வேண்டியவை. போல்ட்டையும் ஸ்க்ரூவையும் நேரடியாகப் பிடித்து விசை கொடுக்கும் எல்லாம் இதில் வரும்: ஸ்பானர், சாக்கெட், ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, பிளேயர். வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி, ஸ்டாண்டும் இதில்தான். அது தப்பினால் வரும் செலவு ஆஸ்பத்திரிச் செலவு.

இரண்டாவது கூடை, மலிவானதே போதும். ஆயில் பிடிக்கும் ட்ரே, புனல், செயின் பிரஷ், நட்டு போட்டு வைக்கும் டப்பா, கையுறை. பழைய ஆயில் கேனைப் பாதியாக வெட்டினாலே ட்ரே ரெடி.

மூன்றாவது கூடை, கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டியவை. வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டிய புல்லர், டார்க் ரெஞ்ச் போன்றவை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்கிக்கலாம். அதில் மலிவானதை வாங்குவதில் அர்த்தமே இல்லை, ஏன்னா அளவு தப்பாகக் காட்டும் டார்க் ரெஞ்ச், இல்லாததைவிட ஆபத்து.

அந்த 10 டூல்

நம்ம ஊர் 100 சிசி முதல் 150 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டருக்கான தொடக்கப் பட்டியல் இது:

1. காம்பினேஷன் ஸ்பானர் 5: 8, 10, 12, 14, 17 எம்எம். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் ஓப்பன். ரிங் பக்கத்தால் இளக்கி, ஓப்பன் பக்கத்தால் சுழற்றலாம்.
2. பின் சக்கர ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பானர் 1. இது வண்டிக்கு வண்டி மாறும். அளந்து பார்த்து வாங்குங்க.
3. ஸ்க்ரூடிரைவர் 2: ஸ்டார் 2-ஆம் நம்பர் ஒன்று, ஃபிளாட் ஒன்று.
4. கட்டிங் பிளேயர் 1.
5. ஆலன் கீ செட் 1.

ஸ்பார்க் பிளக் ஸ்பானரை நான் இதில் சேர்க்கலை. பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் கம்பெனி கொடுத்த டூல் கிட்டிலேயே அது இருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்க.

கடையில் "10-11", "12-13", "14-15"-னு இரண்டு பக்கமும் வேற வேற அளவு உள்ள ஸ்பானர் செட்டைக் காட்டுவாங்க. அது தப்பான பொருள் இல்லை. ஆனா 11, 13, 15 எம்எம் உங்க வண்டியில் அநேகமா வேலைக்கே வராது. பாதி இரும்புக்குத் தேவையில்லாமல் காசு கொடுக்கறீங்க.

ஸ்டார் ஸ்க்ரூ பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் டிசைன் வழியாக வந்த பைக்குகளில் ஜேஐஎஸ் என்ற ஸ்க்ரூ வகை உண்டு. பார்க்க சாதாரண ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். இதில் சாதாரண ஸ்டார் டிரைவரைப் போட்டு அழுத்தினா மேலே ஏறி வழுக்கி ஸ்க்ரூவைக் கெடுக்கும். இறுக்கமா இருந்தா பலத்தைக் காட்டாதீங்க, சரியான முனை உள்ள டிரைவரைத் தேடுங்க.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

நம்ம நாட்டில் கைக்கருவி தயாரிப்புக்குப் பெரிய மையங்கள் ஜலந்தரும் லூதியானாவும். நாசிக்கில் தயாரிக்கும் டபாரியா, 1969-லேயே ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கினது. இன்றைக்கும் நிறைய மெக்கானிக் ஷெட்டில் இருக்கும் பெயர். ஸ்டான்லி போன்ற வெளிநாட்டு பிராண்டும் எளிதாகக் கிடைக்குது. பிராண்ட் பெயர் ஒரு தொடக்கம்தான், பொருளைக் கையில் எடுத்துப் பாருங்க.

- உங்க வண்டியின் 10, 12 எம்எம் போல்ட் ஒன்றொன்று பாக்கெட்டில் கொண்டு போங்க. ஸ்பானரை மாட்டி ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா வேண்டாம்.
- குரோம் வனேடியம் எஃகு, டிராப் ஃபோர்ஜ்டு என்ற முத்திரை இருக்கான்னு பாருங்க. முத்திரை மட்டும் சாட்சி ஆகாது, யாரும் அடிக்கலாம். ஆனா அது பொருளில் அழுத்தமா, பிசிறில்லாமல் பதிஞ்சிருக்கணும்.
- இரண்டு பக்கமும் வாய் நேரா, சமமா இருக்கா? முலாம் எங்காவது உரிஞ்சிருக்கா?
- சாக்கெட் வாங்கினா உள்ளே ஆறு மூலை உள்ளதை எடுங்க. 12 மூலை சாக்கெட் மாட்ட வசதி, ஆனா பழைய, துருப்பிடிச்ச போல்ட்டில் சீக்கிரம் வழுக்கும்.
- பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடிங்க. வெட்டும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவினா வேண்டாம்.

பழைய சாமான் கடையிலும் வாங்கலாம். ஸ்பானர் ஒரே துண்டு இரும்பு. வாய் விரியாமல், விரிசல் இல்லாமல் இருந்தா பழசும் புதுசும் ஒன்றுதான். ஆனா ராட்செட், டார்க் ரெஞ்ச் போல உள்ளே ஸ்பிரிங், பல்சக்கரம் இருக்கிற எதையும் பழசா வாங்காதீங்க.

பில், வாரண்டி, இஎம்ஐ, வரி

இனி என் ஏரியா. ஸ்பானர், பிளேயர் போன்ற கைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி 18%. பெட்டியில் போட்டிருக்கும் எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். அதுக்கு மேல் ஜிஎஸ்டின்னு தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடைகளில் லிஸ்ட் விலையிலிருந்து தள்ளுபடி கேட்பது சகஜம், தயங்காமல் கேளுங்க.

பில் கட்டாயம் வாங்குங்க. "லைஃப்டைம் வாரண்டி" போட்டிருந்தாலும் பில் இல்லாமல் பேச முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாரண்டி அட்டையையும் படிங்க: தேய்மானத்துக்கும், தப்பாகப் பயன்படுத்தினதுக்கும் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

நோ-காஸ்ட் இஎம்ஐயில் பெரிய செட் எடுக்கலாமான்னு கேட்கறீங்க. ரூ. 6,000 செட், 6 மாதம், வட்டி 15%-ன்னு வைங்க. மாதம் ரூ. 1,000. வட்டி சுமார் ரூ. 254-ஐ கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிச்சிடுவார். ஆனா அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டி, சுமார் ரூ. 46, உங்க தலையில். பிராசசிங் கட்டணம் ரூ. 199 என்றால் ஜிஎஸ்டியோடு ரூ. 235. ஆக ரூ. 281 கூடுதல், கிட்டத்தட்ட 4.7%. "நோ-காஸ்ட்" இவ்வளவு காஸ்ட் ஆகுது. அதுக்குப் பதிலா மாசம் ரூ. 500 ஒதுக்குங்க. முதல் மாசம் 10, 12 எம்எம் ஸ்பானரும் ஸ்டார் டிரைவரும். அடுத்த மாசம் அடுத்தது. ஐந்தாறு மாசத்தில் பெட்டி நிறைஞ்சிடும், கடன் இருக்காது.

வரிச்சலுகை உண்டா? சொந்த வண்டிக்கு வாங்கும் டூல் தனிப்பட்ட செலவு. சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் கிடைக்கும் ரூ. 75,000 நிலையான கழிவுக்கு மேல் இதைக் கழிக்க வழியில்லை.

வாங்கவே வேண்டாதவங்க யார்?

10 டூலுக்கு ரூ. 2,500 ஆச்சு, ஒரு வேலையை நாமே செய்தால் ரூ. 150 கூலி மிச்சம்னு வைப்போம். 17 வேலையில் போட்ட காசு திரும்பும். செயின் டைட், ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10 வேலை செய்தால் 20 மாசம். அதுக்கப்புறம் எல்லாம் லாபம், டூலும் கையில் இருக்கும். வருஷத்துக்கு இரண்டே தடவைதான் தொடுவேன் என்றால் 8 வருஷத்துக்கு மேல் ஆகும். அப்போ நல்ல மெக்கானிக்கிடம் போவதே லாபம்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தா, சர்வீஸை அங்கீகரித்த சென்டரிலேயே பண்ணுங்க. 150 ரூபாய் மிச்சத்துக்காக இன்ஜின் வாரண்டியைச் சிக்கலாக்காதீங்க. டிஸ்க் பிரேக் வேலையை எப்பவுமே தெரிஞ்சவரிடம் விட்டுடுங்க.

கடைசியா ஒன்று. நல்ல டூல் இருந்தாலும் இறுக்கும் அளவு முக்கியம். 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 10 கிலோ விசை கொடுத்தா சுமார் 20 நியூட்டன் மீட்டர். அதில் பைப்பை மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினா அதே கைக்கு 40. இன்ஜின் உடம்பு அலுமினியம், மரை போயிடும். கழட்டும்போது பொறுமை, மாட்டும்போது அளவு. எவ்வளவு இறுக்கணும்னு உங்க வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இந்த வாரமே கடைக்குப் போக வேண்டாம். முதலில் சீட்டைத் திறந்து கம்பெனி டூல் கிட்டைப் பாருங்க, வண்டியைச் சுற்றி வந்து என்னென்ன அளவு நட்டு இருக்குன்னு போனில் குறிச்சுக்கங்க. அந்தக் குறிப்புதான் உங்க ஷாப்பிங் லிஸ்ட். அதில் இல்லாத எதுவும், எவ்வளவு ஆஃபரில் வந்தாலும், உங்களுக்குச் செலவுதான்.