தின்னர் தேடிப் போகும் இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய் கண்டிகையிலோ ஓர் ஆலையில் மருத்துவ முகாம் நடந்தால், தொழிலாளியின் கைக்கு வரும் தாளில் ‘லிப்பிட் புரொஃபைல்’ என்றொரு பகுதி இருக்கும். கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு என்று நாலைந்து எண்கள். எண் கூடியிருந்தால் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான். ஆனால் அந்த எண்கள் ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் கொழுப்பை மட்டுமே அளக்கின்றன. செல்லைச் சூழ்ந்தும் நரம்பைப் போர்த்தியும் தோலில் ஈரம் வற்றாமலும் காக்கிற கூட்டுக் கொழுப்புகளைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லாது. பெயின்ட், பசை, தின்னர் என்று ஷிப்ட் முழுக்கப் புழங்குகிறவர்களுக்கு அவற்றைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வயிற்றிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு எளிய வகை. ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள். வேலை, ஆற்றலைச் சேமிப்பது. மூன்றில் ஒன்றுக்குப் பதில் பாஸ்பேட் கொண்ட ஒரு தலை வந்து உட்கார்ந்தால் அது பாஸ்போலிப்பிட் என்ற கூட்டுக் கொழுப்பு. தலை தண்ணீரை நாடும். இரண்டு வால்களும் தண்ணீரை விட்டு விலகும். கிளிசராலுக்குப் பதில் ஸ்பிங்கோசின் இருந்தால் ஸ்பிங்கோலிப்பிட் குடும்பம். அதோடு சர்க்கரை சேர்ந்தால் கிளைக்கோலிப்பிட். நம் ரத்த வகைகூட இதில் அடங்கும்: சிவப்பணுவின் மேலுள்ள கொழுப்புகளிலும் புரதங்களிலும் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் ஏ, பி வகைகளைப் பிரிக்கிறது. அந்தக் கண்ணியே இல்லாவிட்டால் ஓ.

தண்ணீரில் விட்டால் பாஸ்போலிப்பிடுகள் தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. செல் சவ்வின் அடிப்படை இதுதான். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். இதை 1925-இல் கண்டு சொன்னவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பணியாற்றிய கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீர்ப்பரப்பில் ஓரடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. கொழுப்பு முழுதாக வெளிவரவில்லை; செல்லின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்ட, முடிவு சரியாக அமைந்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. செல்லிலிருந்து கொழுப்பைக் கழற்றி எடுக்க அவர்கள் பயன்படுத்திய பொருள் அசிட்டோன். பட்டறைகளில் பிசுக்கு எடுக்கவும் பெயின்ட் துடைக்கவும் டின் டின்னாக நிற்கிறதே, அதே அசிட்டோன்.

வேலை முடிந்ததும் பனியன் வேஸ்ட்டில் தின்னரை நனைத்துக் கையைத் துடைப்பது பல பட்டறைகளில் உள்ள வழக்கம். கறை போய்விடும். கூடவே தோலின் கொழுப்பும் போய்விடும். தோலின் வெளியடுக்கில் இறந்த செல்கள் செங்கல் என்றால், இடையிலுள்ள சாந்து செராமைடு என்ற ஸ்பிங்கோலிப்பிடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் கலந்தது. எடையில் ஏறக்குறைய பாதி செராமைடு. அந்தச் சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலிருக்கும் ரசாயனம் உள்ளே வரும். கை வெளுத்து, வெடித்து, எரிவதன் காரணம் இதுதான். வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. அது நோய், பெயர் தொடுதோல் அழற்சி.

ஆவி போகும் வழி இன்னும் கவலைக்குரியது. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன், மூச்சுவழியே ரத்தத்தில் கலந்து மூளைக்கு விரைகிறது. மூளையின் உலர் எடையில் சுமார் பாதி கொழுப்பு. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலோ 70 முதல் 80 சதவீதம். செரிப்ரோசைடு, ஸ்பிங்கோமயலின் என்ற கூட்டுக் கொழுப்புகள் அதில் முக்கியமானவை. நரம்பில் செய்தி வேகமாகப் பாய்வது அந்த உறையால்தான். ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு மயக்கும் என்று 1899-இல் மேயரும் 1901-இல் ஓவர்டனும் தனித்தனியே காட்டினார்கள். மயக்கம் உண்டாவதில் சவ்வில் பதிந்த புரதங்களுக்கே பெரிய பங்கு என்பது இன்றைய அறிவு. ஆனாலும் கரைப்பான் மூளைக்குள் அத்தனை எளிதாக நுழைய வழிவிடுவது கொழுப்பில் கரையும் அதன் குணம். பெயின்ட் அடிக்கும்போது வரும் தலைச்சுற்றலும் கிறுகிறுப்பும் மூளை தரும் முதல் தகவல். டொலுயீனைப் போதைக்காக ஆண்டுக்கணக்கில் முகர்ந்தவர்களின் மூளை ஸ்கேனில் மயலின் நிறைந்த வெண்பகுதி சிதைந்திருப்பது தெரிகிறது. பணியிட அளவு அதைவிடக் குறைவு. ஆனாலும் நெடுங்காலம் கரைப்பான் ஆவியில் வேலை செய்தவர்களுக்கு மறதி, கவனக்குறைவு, சோர்வு வருவது மருத்துவ உலகம் ஏற்ற உண்மை.

எல்லாக் கரைப்பானும் ஒரே வழியில் கெடுப்பதில்லை. சில பசைகளில் உள்ள ஹெக்சேன் கால் கை நரம்புகளைத் தாக்குகிறது. அங்கே அடிபடுவது முதலில் நரம்பிழையின் புரதம். வார்ப்பட வேலையில் கிளம்பும் சிலிக்கா தூசு இன்னொரு விதம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது பாஸ்போலிப்பிட் மிகுந்த ஒரு பூச்சு. குறை மாதக் குழந்தைகள் மூச்சுக்குத் தவிப்பது அது போதாததால். மிகையான சிலிக்கா தூசு குறுகிய காலத்தில் உள்ளே போனால், அதே பூச்சு அளவுமீறிச் சேர்ந்து காற்றறைகளை அடைத்துவிடும்.

டொலுயீனுக்கு எட்டு மணி நேரச் சராசரி 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு) என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை வரம்பு வைத்தது. மூக்கால் அதை அளக்க முடியாது. சிறிது நேரத்திலேயே வாடை பழகிப்போகும். காற்றை அளக்கக் கருவி வேண்டும், ஆவியை உறிஞ்சி வெளியேற்ற விசிறி வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுக்கும் துணி முகக்கவசம் தூசில் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டி பொருத்திய கவசம் தேவை. சாதாரண ரப்பர் கையுறைக்குள் டொலுயீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்; எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்று பாதுகாப்புத் தகவல் தாளில் போட்டிருக்கும். அந்தத் தாளைத் தமிழிலும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்காக ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டிவைப்பது நிர்வாகத்தின் வேலை. கையைக் கழுவ சோப்பும் தண்ணீரும், பிறகு கொஞ்சம் வாசலினும் போதும். டொலுயீன் ஆவி காற்றைவிட கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆகவே தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கிப் பெயின்ட் அடிக்கும்போது வெளியிலிருந்து காற்றைச் செலுத்த வேண்டும்; மேலே ஓர் ஆள் கண்காணித்துக்கொண்டு நிற்க வேண்டும்.