படர்தாமரை... க்ரீம் போட்டும் போகலையா?

தொடை இடுக்கில் வட்டமாக ஓர் அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவியதும் இரண்டே நாளில் அடங்கிவிடும். நிறுத்தினால், முன்பைவிடப் பெரிதாகப் படரும். காரணம், பல க்ரீம்களில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அது மறைக்கும். உள்ளே பூஞ்சையை வளரவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சை, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்குவதில்லை. 2020-ல் பெயரிடப்பட்ட இது, நியூயார்க்கில் இருவருக்கு இருந்தது 2023-ல் தெரியவந்தது.

என்ன செய்யலாம்? தோல் மருத்துவரைப் பாருங்கள். அரிப்பு நின்றாலும் அவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால், சேர்ந்தே சிகிச்சை எடுங்கள். ஒரே துண்டை எல்லோரும் பயன்படுத்த வேண்டாம். உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள்.