மடிக்கணினியும் வெப்பமும்

உழைப்பவை யாவும் வெம்மை கொள்ளும். உழுது களைத்த எருதின் உடலும், வெங்காயத் தோட்டத்துக்குக் காலை முதல் நீரிறைத்த இயந்திரமும் தொட்டால் சுடுவன. கணினியும் இவ்விதிக்கு விலக்கன்று. அதற்குக் கையுமில்லை, காலுமில்லை. எனினும் அது செய்யும் ஒவ்வொரு கணக்கும் வெப்பமாகவே முடிகின்றது. இவ்வெப்பத்தை வெளியேற்றும் வழியை அறிந்துகொள்ளுதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர்க்கு இன்று பெரிதும் வேண்டப்படுவதாகும். ஏன் என்பதை முதலிற் காண்போம்.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அவற்றுடன் அழிந்தன. அறிவுச் செல்வத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்திருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உலகில் எங்கிருப்போரும் படிக்குமாறு இணையத்தில் வைத்து வருகின்றது. வீட்டுப் பெட்டகத்திலுள்ள பாடசாலை மலரையும் கோயில் மலரையும் இவ்வாறே காத்துவைக்க எவரும் முயலலாம். ஆயினும், படம் மட்டும் போதாது. அதிலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றவேண்டும். இதற்கு எழுத்துணரி என்னும் மென்பொருள் உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்க அதற்குச் சில விநாடிகள் போதும். பல்லாயிரம் பக்கங்களெனின் மடிக்கணினி இரவிரவாக ஓயாது உழைக்கவேண்டும். வெப்பச் சிக்கல் தோன்றுவது இங்கேதான்.

கணினி உட்கொள்ளும் மின்சாரம் எங்கே போகின்றது? திரையின் ஒளியாகச் சிறு பங்கு போக, எஞ்சியது முழுவதும் வெப்பமாகின்றது. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிக்காட்டப்பெற்ற ‘எனியாக்’ என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாற்று மின்வலுவை உண்டது. அதன் வெம்மையை ஓட்டுவதற்குப் பெரிய ஊதுகருவிகள் வேண்டியிருந்தன. இன்றைய மடிக்கணினிக்குக் கடும் பணியின்போதும் 40 வாற்று அளவு போதுமானதாக இருக்கலாம். அவ்வாறாயின் அச்சம் எதற்கு? இதன் பெரும்பகுதி கைவிரல் நகத்தளவான ஒரு சில்லில் எழுகின்றது என்பதே காரணம். சிறிய இடத்தில் எழும் வெப்பத்தை விரைவில் அகற்றாவிடின் அதன் வெப்பநிலை விநாடிகளில் ஏறிவிடும்.

அதனை அகற்றும் முறை நம் மண்பானையை ஒத்தது. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. பல மடிக்கணினிகளில் சில்லின் மேல் ஒரு செப்புக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் அடைக்கப்பட்ட சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து நீராகித் திரும்புகின்றது. மறுமுனையிலுள்ள உலோகத் தகடுகளினூடாகச் சிறு விசிறி காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளுகின்றது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. விசிறி தள்ளுவது அறையின் காற்றையே. அறைக் காற்றினும் குளிர்ச்சியாக எதனையும் ஆக்கும் ஆற்றல் அதற்கில்லை. சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் அறைக் காற்றே 33, 34 பாகை செல்சியசாக இருக்கும்போது, கணினி தன் ஓட்டத்தை அந்தப் படியிலிருந்தே தொடங்குகின்றது.

ஆதலால் முதற்கடமை, இடமும் நேரமும் தெரிதல். நீண்ட பணியைப் பகலிலன்றி இரவில், காற்று தணிந்தபின் தொடங்குதல் நன்று. நம் முன்னோர் அமைத்த நாற்சார் வீட்டில் சூடான காற்று நடுமுற்றத்தினூடாக மேலெழுந்து போகும். அத்தகைய வீட்டின் திண்ணையோரம் சாலச் சிறந்த இடமாகும். கொங்கிறீற்றுக் கூரையோ பகலில் உண்ட வெப்பத்தை இரவிலும் உமிழ்ந்துகொண்டிருக்கும். அவ்வீடுகளில் யன்னலைத் திறந்து, மேசை விசிறியால் அறையின் சூட்டை வெளியேற்றுதல் வேண்டும்.

மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றின் மேல் கணினியை வைத்து நீண்ட பணி செய்தல் கூடாது. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத்தால் காற்றை உள்ளிழுப்பன. துணி அவ்வழியை அடைத்துவிடும். கடினமான மேசையில் வைத்து, பின்புறத்தை இரு மரக்கட்டைகளால் ஓரங்குலம் உயர்த்தினாற் போதும். சுவரோடு ஒட்டி வைத்தலும், மூடியைச் சாத்திவிட்டு ஓடவிடுதலும் ஆகா.

அடுத்தது, வேகத்தைக் கட்டுப்படுத்தல். வெப்பநிலை 100 பாகையை அண்மிக்கும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மேலும் ஏறினால் கணினி அணைந்துவிடும். இந்நிலை வரும்வரை காத்திராமல் நாமே வேகத்தைச் சற்றுக் குறைப்பதில் பெரும் பயனுண்டு. சில்லின் மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் அமையும். வேகம் ஐந்தில் ஒரு பங்கும், அழுத்தம் பத்தில் ஒரு பங்கும் குறைந்தால், மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பத்து மணி நேரப் பணி பன்னிரண்டரை மணி நேரமாக நீளலாம். ஆயினும் விடியும்வரை ஒரே சீராக நடைபெறும். விண்டோஸ் இயங்கும் பல கணினிகளில், மின்வலு அமைப்பிலே செயலியின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆகக் குறைத்தாலே மிகைவேகம் அடங்கி, வெப்பம் தெளிவாகத் தணியும். எட்டுக் கருக்கள் உள்ள செயலியில் பணிக்கு ஐந்தை மட்டும் ஒதுக்குதலும் நல்ல வழியே.

பற்றரியும் வெப்பத்துக்கு அஞ்சுவது. இலிதியம் அயன் பற்றரி, முழு மின்னேற்றத்துடன் சூட்டில் நெடுநாள் இருப்பின் விரைவில் மூப்படையும். மின்னேற்றத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. செருகியபடியே இரவிரவாக ஓடும் கணினிக்கு இது தக்க காவல். பற்றரி உப்பியிருக்கக் கண்டால் வேலையை உடனே நிறுத்தவேண்டும். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும்.

செம்மண் தூசு நம் ஊரில் எங்கும் நுழைவது. அது தகடுகளுக்கிடையே படிந்து கம்பளி போலாகிக் காற்றை மறிக்கும். கணினியை அணைத்து, விசிறி சுழலாதவாறு மெல்லிய குச்சியால் தடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை தூசை ஊதி அகற்றவேண்டும். சூட்டைத் தணிக்கப் பனிக்கட்டியையோ ஈரத்துணியையோ வைப்போரும் உளர். இது பெருந்தவறு. குளிர்நீர்க் கோப்பையின் புறத்தே நீர்த்துளி படிவதை யாவரும் கண்டிருப்பர். கடல் சூழ்ந்த குடாநாட்டின் ஈரக்காற்றில் அத்துளி கணினியினுள்ளும் படிந்து மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு காவல் எஞ்சியுள்ளது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. மின்சாரம் எந்நேரமும் நிற்கலாம் என்று எண்ணியே பணியை ஒழுங்கு செய்தல் அறிவுடைமை. ஆயிரம் பக்கங்களை ஒருங்கே கொடாமல் நூறு நூறாகக் கொடுத்து, முடிந்தவற்றை உடனுக்குடன் வேறொரு வன்தட்டிலும் பதிந்துவைத்தால், இடையில் கணினி நின்றாலும் இழப்பது நூறு பக்கங்களின் உழைப்பை மட்டுமே. அதே ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் புதிய கணினி வாங்குதல் பல குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று என்பதையும் நினைத்தல் வேண்டும்.

கணினிக்கு வேண்டுவது விலையுயர்ந்த குளிரூட்டியன்று. மூச்சுவிட ஓரங்குல இடமும், தணிந்த இரவுக் காற்றும், அளவான நடையுமே அதற்கு வேண்டுவன. இவற்றைக் கொடுத்தால் பழைய மடிக்கணினியும் பல்லாண்டு உழைக்கும். செல்லரித்துக்கொண்டிருக்கும் பக்கங்கள் மறைவதற்கு முன் அவற்றிலுள்ள எழுத்துகளை அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்துவிடும்.