கப்பல் கட்டணத்தில் எந்தப் பானம் அடங்கும்?

சொகுசுக் கப்பல் பயணத்துக்குக் கட்டும் பணத்தில் தங்கும் அறை, மூன்று வேளை உணவு, பெரும்பாலான கேளிக்கை நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கிவிடுகின்றன. பானங்களிலோ சில மட்டுமே உள்ளடங்கும். பலவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டு. 2022 ஜூனில் கோர்டீலியா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பயணம் செய்கின்றன. ஆகவே எது இலவசம், எதற்குப் பணம், ஏமாற்றப்பட்டால் எங்கே முறையிடுவது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டணத்தில் அடங்குபவை

ராயல் கரீபியன், கார்னிவல், எம்.எஸ்.சி., கோஸ்டா போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் குடிநீர், சாதாரண காபி, தேநீர், பால், காலை உணவோடு வரும் பழச்சாறு ஆகியவை பொதுவாகக் கட்டணத்தில் சேர்ந்தவை. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் எலுமிச்சைச் சாறும் ஐஸ் டீயும் உண்டு. இவை பெரும்பாலும் பஃபே கூடத்திலும் முதன்மை உணவகத்திலும் மட்டுமே கிடைக்கும். கப்பலின் குழாய் நீர் சுத்திகரிக்கப்பட்டது, குடிக்க உகந்தது. புட்டித் தண்ணீர் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தனியாகப் பணம் கட்ட வேண்டியவை

பீர், ஒயின், விஸ்கி முதலிய மதுவகைகள், காக்டெயில், மது கலக்காத மாக்டெயில், கோலா போன்ற குளிர்பானங்கள், புட்டித் தண்ணீர், எஸ்பிரெஸோ வகைக் காபி, அப்போதே பிழிந்த பழச்சாறு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கப்பல்களில் தனி விலை உண்டு. கோர்டீலியாவிலும் மது அடிப்படைக் கட்டணத்தில் சேராது. மது அருந்தாதவர்களும் குழந்தைகளும் அதிகம் ஏமாறுவது குளிர்பானத்திலும் மாக்டெயிலிலும்தான். அறைக்குள் மேசைமேல் அழகாக வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டியும் மினிபாரில் உள்ளவையும் விருந்தினருக்கான அன்பளிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அருகிலேயே விலைப்பட்டியல் இருக்கும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி இல்லை. டிஸ்னி கப்பல்களில் உணவு வேளையிலும் மேல்தளத்தில் உள்ள பான மையங்களிலும் குளிர்பானம் இலவசம். வைகிங் நிறுவனம் மதிய, இரவு உணவோடு பீரும் ஒயினும் தருகிறது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலை நிறுவனங்களில் மதுவகைகளும் கட்டணத்திலேயே அடங்கும். அங்கும் அரிய, விலையுயர்ந்த ரகங்களுக்குத் தனிப்பணம் கேட்பதுண்டு. 'அனைத்தும் அடங்கும்' என்று விளம்பரத்தில் போடுவதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. எந்தப் பானம், எந்த இடத்தில், எந்த வேளையில் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும் பட்டியலையே நம்ப வேண்டும்.

பானப் பேக்கேஜின் நிபந்தனைகள்

ஒரு நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி வேண்டிய அளவு குடிக்கும் பேக்கேஜ்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் விற்கின்றன. இவற்றை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை பல:

• பொதுவாகப் பயணத்தின் எல்லா நாட்களுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். கரையிறங்கிச் சுற்றும் நாட்களுக்கும் பணம் உண்டு.
• ஓர் அறையில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால், அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன.
• ஒரு பானத்துக்கு விலை உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மிச்சத்தைக் கட்ட வேண்டும்.
• கார்னிவலின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்ற வரம்பு உள்ளது.
• மினிபாரும் அறைக்கு வரவழைக்கும் பானங்களும் பெரும்பாலும் இதில் சேராது.
• பேக்கேஜ் இலவசம் என்று அறிவிக்கும் சலுகைகளிலும், அதற்கான சேவைக் கட்டணத்தைப் பயணியே கட்ட வேண்டியிருக்கலாம்.

லாபமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேக்கேஜ் நாளுக்கு 80 டாலர், சேவைக் கட்டணம் 18% என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 94.40 டாலர். ஒரு காக்டெயில் 14 டாலர் என்றால், அதே சேவைக் கட்டணத்துடன் 16.52 டாலர். ஆறு காக்டெயில் குடித்தால்தான் அன்றைய பணம் ஈடாகும். நாள்தோறும் அவ்வளவு குடிப்பது உடலுக்குக் கேடு. கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று அளவுக்கு மீறிக் குடிப்பதே இந்தப் பேக்கேஜ்களின் பெரிய ஆபத்து. காபி, குளிர்பானம், பழச்சாறு மட்டும் போதும் என்பவர்களுக்கு மதுவில்லாப் பேக்கேஜ்கள் குறைந்த விலையில் உண்டு.

பில்லும் மது விதிகளும்

கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. அறைச் சாவியாகப் பயன்படும் அட்டையைக் காட்டினால், தொகை பயணியின் கணக்கில் ஏறும். பானத்தின் விலையோடு 18 முதல் 20 விழுக்காடு வரை சேவைக் கட்டணம் பல கப்பல்களில் தானாகவே சேரும். பில்லில் 'கூடுதல் டிப்ஸ்' என்று காலியாக விட்டிருக்கும் கோட்டை நிரப்புவது பயணியின் விருப்பம். நிரப்பினால் டிப்ஸ் இரண்டு முறை கொடுத்ததாகும். கணக்கு டாலரில் இருந்தால், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

மது அருந்த அனுமதிக்கும் வயது கப்பல் புறப்படும் இடத்தைப் பொறுத்தது. ராயல் கரீபியன் கப்பல்களில் அமெரிக்கப் பயணங்களில் 21, ஆசிய, ஐரோப்பியப் பயணங்களில் பொதுவாக 18. சொந்த மதுவை எடுத்துச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. ராயல் கரீபியனும் கார்னிவலும் ஏறும் நாளில் வயதுவந்த ஒருவருக்கு 750 மி.லி. ஒயின் ஒரு புட்டியை அனுமதிக்கின்றன. சாராய வகைகளுக்கு அனுமதி இல்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறான விளம்பரத்தையும் நேர்மையற்ற வணிக முறையையும் தடுக்கிறது. விலையின் ஒரு பகுதியை மறைத்துப் பணம் கட்டும் கட்டத்தில் காட்டுவதையும், கேட்காததைப் பில்லில் சேர்ப்பதையும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. பானப் பேக்கேஜை முன்கூட்டியே 'டிக்' செய்து வைத்திருக்கும் முன்பதிவுப் பக்கங்கள் இதற்குள் வரும்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்வோர் எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ள விதியைப் படிக்க வேண்டும். கார்னிவலுக்கு எதிரான ஷூட் வழக்கில், பயணச்சீட்டில் அச்சிட்ட அத்தகைய விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடர்ந்த தம்பதி வாஷிங்டன் மாநிலத்தவர். விதி சொன்ன இடமோ ஃபுளோரிடா. இந்திய முகவரிடம் வாங்கியவர்கள் அந்த முகவருக்கு எதிராக இங்கேயே முறையிட முடியும்.

முறையிடும் வழி

தவறான தொகை ஏறியிருந்தால், கப்பலை விட்டு இறங்கும் முன்பே விருந்தினர் சேவை மேசையில் எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும். விளம்பரம், முன்பதிவு உறுதி, கட்டணத்தில் அடங்குபவற்றின் பட்டியல், பில் ஆகியவற்றின் நகல்கள் சான்றாகும். தீராவிட்டால் அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையென்றால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் இல்லை.

முன்பதிவுக்கு முன் கட்டணத்தில் அடங்குபவற்றின் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர் இல்லாத பானத்துக்குக் காசு உண்டு என்று கொள்ளுங்கள்.