சொற்பொழிவும் நூலும்: நார்ட்டன் அறக்கட்டளைப் பொழிவுகளை முன்வைத்து

பல்கலைக்கழகம் தன் அரங்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நிகழ்வுகளுள் அறக்கட்டளைச் சொற்பொழிவு தனித்த இடத்தைப் பெறுகிறது. நிகழ்ந்த நாளில் அது கேட்போருக்கு உரியது. அச்சேறிய பின் ஆய்வாளருக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மேற்கோள் காட்டும் வழக்கம் நம் ஆய்வேடுகளிலும் காணப்படுகிறது. அவ்வழக்கம் இடறும் இடங்களை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் எலியட் நார்ட்டன் சொற்பொழிவுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இவ்வறக்கட்டளை 1925இல் நிறுவப்பட்டது. கிரேக்க இலக்கிய அறிஞர் கில்பர்ட் மர்ரே 1926-27இல் முதற்பொழிவுகளை ஆற்றினார். கவிதை என்னும் சொல்லை மிக விரிந்த பொருளில் கொள்ளவேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. ஆதலால் கவிஞர்களோடு இசையமைப்பாளரும் ஓவியரும் திரைப்பட இயக்குநரும் அழைக்கப்பெற்றனர். பொழிவுகள் பின்னர் நூல்வடிவம் பெறுவது மரபு.

1967-68இல் போர்ஹேஸ் ஆங்கிலத்தில் ஆறு பொழிவுகள் நிகழ்த்தினார். பார்வை பெரிதும் மங்கிய நிலையில், குறிப்பேதும் இன்றி, பல மொழிக் கவிதை வரிகளை நினைவிலிருந்தே எடுத்துரைத்தார். ஆயினும் அவை உடனே அச்சேறவில்லை. ஒலிநாடாக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்தன. நூல் 2000இல்தான் வெளிவந்தது. இங்கு மூலம் என்பது குரலே. நூலோ, அக்குரலைப் பதிப்பாசிரியர் எழுத்தாக்கிய வடிவம். தயக்கமும் இடைநிறுத்தமும் அவையின் சிரிப்பும் எழுத்தில் அடங்குவதில்லை.

இதற்கு நேர்மாறானது கால்வினோவின் நூல். 1985-86ஆம் கல்வியாண்டுக்கு அழைக்கப்பெற்ற அவர் 1985 செப்டம்பரில் காலமானார். ஆறனுள் ஐந்தே எழுதி முடிக்கப்பெற்றிருந்தன. அவை 1988இல் நூலாயின. ஒருநாளும் நிகழாத சொற்பொழிவு, இத்தொடரில் பெரிதும் வாசிக்கப்படும் நூல்களுள் ஒன்றாயிற்று. இதனைச் 'சொற்பொழிவில் கால்வினோ கூறினார்' என எழுதுவது பொருந்தாது.

மூன்றாவது சிக்கல் ஆசிரியத்துவம் பற்றியது. ஸ்ட்ராவின்ஸ்கி 1939-40இல் பிரெஞ்சு மொழியில் ஆற்றிய இசை குறித்த பொழிவுகளை எழுதியதில் ரோலண்ட் மானுவேலுக்கும் சுவ்சின்ஸ்கிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை இசை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். மேடையில் ஒலித்த குரலும் எழுதிய கையும் இங்கு வேறுவேறு. நூலின் முகப்பில் இருப்பதோ ஒரே பெயர். லியோனார்டு பெர்ன்ஸ்டைன் 1973இல் பியானோவை இசைத்தவாறே நிகழ்த்திய பொழிவுகளுக்கோ காணொளிப் பதிவு உண்டு. இசை கேளாமல் அந்நூலை மட்டும் படிப்பது பாதி வாசிப்பே.

தமிழகத்திலும் இம்மரபு வலுவானது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் ஸ்ரீவிஜய வரலாறு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளாக வழங்கப்பெற்று 1949இல் நூலாயிற்று. இத்தகைய நூல்களில் அவையோர் எழுப்பிய வினாக்களுக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. பொதுநிகழ்வு என்பதற்கான சான்றே அவ்வினாக்களில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனவே பொழிவுநூலை மேற்கோள் காட்டுங்கால், பொழிந்த ஆண்டு, அச்சான ஆண்டு ஆகிய இரண்டையும் தருவதோடு, ஒலிப்பதிவு உள்ளதா, நூலின் பாடம் எதனடிப்படையில் அமைந்தது என்பனவற்றையும் அடிக்குறிப்பில் சுட்டலாம்.