தாமான் நெகாராவில் புலி ஏன் கண்ணில் படுவதில்லை?

தாமான் நெகாரா போய்வந்த நண்பர்களிடம் "புலி பார்த்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அட்டைக் கடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள்.

மலேசியாவின் தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காற்பந்துக் குழுவின் செல்லப் பெயரே 'ஹரிமாவ் மலாயா'. ஆனால் அந்தப் புலி வாழும் காட்டில் மூன்று நாள் தங்கினாலும் அதன் வால்கூடத் தெரியாது. ஏன்? இதற்கு இரண்டு பதில் உண்டு. மழைக்காடே அப்படித்தான் என்பது ஒன்று. இரண்டாவது பதில் அவ்வளவு லேசானது அல்ல.

முதலில் காட்டைத் தெரிந்துகொள்வோம்.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவிக் கிடக்கிறது தாமான் நெகாரா. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. பிரிட்டிஷார் காலத்தில் இதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகுதான் தாமான் நெகாரா ஆனது. மலாய் மொழியில் அதற்கு அர்த்தமே 'தேசியப் பூங்கா'. ஆக, 'தாமான் நெகாரா தேசியப் பூங்கா' என்று சொன்னால் அது 'நடு சென்டர்' கதைதான்.

'130 மில்லியன் ஆண்டு பழைமையான காடு' என்ற வரியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அது மரங்களின் வயது இல்லை. இன்று நிற்கும் பெரிய மரங்களுக்குச் சில நூறு வயது இருக்கலாம். மரங்கள் விழும், புதியவை முளைக்கும், காலப்போக்கில் இனங்களே மாறும். ஆனால் பனியுகங்களில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பகுதியைப் பனிப்பாறை மூடியபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் இந்த நிலத்தை அது மூடவில்லை. பழைமை என்று சொல்வது அந்தத் தொடர்ச்சியைத்தான். பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது. அப்போது தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பாகச் சேர்ந்திருந்தன. இங்கிருக்கும் தாபிர் சுமத்ராவிலும் இருப்பது அதனால்தான்.

சரி, இவ்வளவு பெரிய காட்டில் விலங்குகள் எங்கே?

பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலே. உச்சியில் விழும் வெயிலில் ஓரிரு விழுக்காடுதான் தரையை எட்டுகிறது. இலை, பழம், பூ எல்லாம் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சாப்பாடு எங்கேயோ, கூட்டமும் அங்கேதானே! தரையில் மேய்ச்சலுக்குப் புல் இல்லாததால் மான் கூட்டங்களும் இல்லை. மான் குறைவு என்றால் ஒரு புலி வயிறு நிறைய அதிக தூரம் சுற்ற வேண்டும். இந்தியாவில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே புலியைப் படம் பிடிக்கும் காணொளிகள் உங்கள் திரையிலும் வந்திருக்கும். அங்கே பல சரணாலயங்களில் திறந்த புல்வெளியும் நிறைய மான்களும் உண்டு. இங்கே நல்ல காலத்திலேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, இரண்டு புலிகள்தான். அவையும் பகலில் மனிதர் நடக்கும் பாதைக்கு வருவது அபூர்வம்.

அதனால் கண்ணை விடக் காதை நம்புங்கள். காலையில் கிப்பன்களின் நீளமான கூவல் மலைக்கு மலை எதிரொலிக்கும். இருவாட்சி பறந்தால், பறவை தெரிவதற்கு முன்பே சிறகின் 'உஷ் உஷ்' சத்தம் வந்துவிடும். பொழுது சாயும்போது சில்வண்டுகள் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகத்தான் பேச வேண்டும்.

பெரிய விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 'பும்புன்' இருக்கிறது. உப்புச் சத்துள்ள மண்ணைத் தேடி விலங்குகள் வரும் இடத்துக்கு எதிரே கட்டிய மறைவிடக் குடில் அது. இலைகளில் சோடியம் குறைவு என்பதால் தாபிரும் மானும் காட்டெருமையும் அந்த மண்ணை நக்க வரும். பும்புன் கும்பாங் என்ற குடிலுக்குக் கோலா தஹானிலிருந்து நடந்தால் பத்து கிலோமீட்டருக்கு மேல். இரவு முழுக்க முறை வைத்து விழித்திருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, டார்ச்சை அணைத்து வைக்க வேண்டும். அப்படியும் ஒன்றும் வராமல் போகலாம். வந்தால், முன்பாதி கறுப்பும் நடுவில் வெள்ளைப் போர்வையுமாக ஒரு தாபிர் நிற்கும். நிலா வெளிச்சத்தில் அது விலங்காகவே தெரியாது, பாறை அசைவதுபோல் இருக்கும்.

அட்டையையும் சும்மா திட்டாதீர்கள். அது கடைசியாக யார் ரத்தத்தைக் குடித்ததோ, அந்த விலங்கின் மரபணு அதன் வயிற்றில் பல வாரங்கள் தங்கும். அதைச் சோதித்து, காட்டில் என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். கேமராவில் சிக்காத விலங்குக்கு அட்டை சாட்சி!

இனி அந்த இரண்டாவது பதில்.

1990களின் இறுதியில் தொடங்கி 2001 வரை தாமான் நெகாராவில் தானியங்கிக் கேமராக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பூங்காவில் மட்டும் 52 முதல் 84 வரை வளர்ந்த புலிகள் இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்போ, மலேசியா முழுவதிலும் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொல்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950களில் நாட்டில் சுமார் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு.

காடு அழிந்தது ஒரு காரணம். ஆனால் தாமான் நெகாராவுக்குள் காடு அப்படியே நிற்கிறது. காடு இருந்தும் விலங்கு குறைவதற்கு முக்கியக் காரணம் கம்பிக் கண்ணி. கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கம்பிதான். விலங்கு நடக்கும் தடத்தில் சுருக்காகப் போட்டு மறைத்துவிட்டால் போதும், புலி, மான், கரடி, தாபிர் என்று எது கால் வைத்தாலும் மாட்டும். வைத்தவன் திரும்பி வராவிட்டாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, 2021இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. கடமான் ஏற்கெனவே அரிதாகிவிட்ட நிலையில், புலிக்குக் காட்டுப்பன்றிதான் முக்கிய இரை. புலியின் சாப்பாட்டுத் தட்டே காலியானது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சுமத்ரா காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இந்தக் காட்டில் நடமாடியதுதான். மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான 'இமான்' 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது.

நடவடிக்கை எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் காவல்துறையோடும் ராணுவத்தோடும் சேர்ந்து காட்டுக்குள் சுற்றுக்காவல் நடத்துகிறது. முன்னாள் வீரர்களும் ஒராங் அஸ்லி மக்களும் காவலர்களாக வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கிறார்கள். 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையும் சிறை 15 ஆண்டு வரையும் போகலாம். ஒராங் அஸ்லி காவலர்களைச் சேர்த்ததுதான் இவற்றில் புத்திசாலித்தனமான முடிவு என்பது என் கருத்து. ஒடிந்த ஒரு கிளையைப் பார்த்து யார், எப்போது போனார்கள் என்று சொல்லக்கூடியவர்களை வேறு எங்கே தேடுவது? பூங்காவுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் பாதேக் மக்களின் குடியிருப்புக்குச் சுற்றுலாவில் உங்களையும் அழைத்துப் போவார்கள். அது அவர்கள் வீடு. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

போவதென்றால், மார்ச் முதல் செப்டம்பர் வரை வசதி. ஆண்டுக் கடைசியில் பருவமழை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் சுற்றுப்பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டது செய்தியானது. கோலாலம்பூரிலிருந்து ஜெராண்டுட் வழியாகக் கோலா தஹான். நேரம் இருந்தால் கோலா தெம்பெலிங்கிலிருந்து படகில் போங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஆனால் ஆற்றங்கரையே பாதி சுற்றுலா. மரங்களுக்கு இடையே கட்டிய தொங்குநடைபாதை பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதுண்டு. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் இல்லாத இன்னொரு வாசல் மெராப்போ. அதன் அருகே சுங்கை யூ என்ற இடத்தில், தாமான் நெகாராவும் தித்திவங்சா மலைத்தொடரும் ஒரு குறுகிய காட்டுப் பட்டையால் இணைகின்றன. நடுவில் நெடுஞ்சாலை குறுக்கே போகிறது. சாலையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டி, அடியில் விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். அந்தக் காட்டில் 'மைகேட்' என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டணி பொதுமக்களை நடக்க அழைத்துப் போகிறது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், வழிகாட்டியோடு நடந்து கண்ணி, வேட்டைத் தடம், விலங்குத் தடம் எதுவாக இருந்தாலும் இடத்தைக் குறிப்பது. ஆள் நடமாட்டம் இருந்தாலே கண்ணி வைப்பவன் யோசிப்பான். அங்கேயும் புலியைப் பார்ப்பீர்கள் என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஈரச் சேற்றில் ஒரு காலடித் தடம் தெரியும்; பக்கத்தில் உங்கள் கையை வைத்து அளவு பாருங்கள்.