ஒன்பது வயதில் மேடை ஏறிய க்ளாரா

என் மாமாவுக்குப் பழைய கரன்ஸி நோட்டு சேர்க்கும் பைத்தியம். போன தடவை போயிருந்தபோது, "இதைப் பாரும்மா!" என்று ஜெர்மனியின் நூறு மார்க் நோட்டு ஒன்றை நீட்டினார். முன்பக்கம் லட்சணமான ஓர் இளம்பெண். திருப்பினால் பெரிய பியானோ!

"ராணியா மாமா?"

"ராணி இல்லே, கச்சேரி பண்ணினவ."

1990-ல் வெளியாகி, 2002-ல் யூரோ வந்ததும் விடைபெற்ற நோட்டு அது. அந்தப் பெண் யாரென்று தேடிப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே ஓடவில்லை.

பெயர் க்ளாரா. 1819-ல் லைப்ஸிக் நகரில் பிறந்தவள். நாலு வயது தாண்டும்வரை பேச்சே வரவில்லையாம்! காது கேட்காத குழந்தையோ என்றுகூட நினைத்தார்கள். பெற்றோர் பிரிந்தபோது, அந்நாளைய சட்டப்படி ஐந்து வயதுக் குழந்தை அம்மாவை விட்டு அப்பாவிடம் போயிற்று.

அப்பா வீக், பியானோ வாத்தியார். தினம் ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் சாதகம். அப்புறம் வெளியே காற்றாட நெடுந்தூரம் நடக்க வைப்பார். இதைப் பாராட்டத்தான் வேண்டும். பரீட்சை வந்தால் நாம் பெண்களை நாற்காலியோடு அல்லவா கட்டிப்போடுகிறோம்! ஆனால் ஒன்று எனக்கு நெருடியது. மகளின் டைரியை அவரே எழுதினார். 'நான்', 'என் அப்பா' என்று, அவள் எழுதுகிற மாதிரியே!

1828-ல், ஒன்பது வயதில், கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் மேடை. பதினொன்றில் தனிக் கச்சேரி. பதினாறில் தானே இயற்றிய கன்செர்ட்டோவை வாசித்தாள். வாத்தியக் குழுவை நடத்தியவர் மெண்டல்ஸன். பதினெட்டில் வியன்னா அரசவையின் பட்டம்.

அப்போதுதான் காதல் வந்தது. அப்பாவிடமே பியானோ கற்றுக்கொண்ட ராபர்ட் ஷூமன், அவளைவிட ஒன்பது வயது பெரியவர். அப்பா கண்டிப்பாக மறுத்துவிட்டார். கச்சேரிகளில் அவள் சம்பாதித்த பணத்தையும் கொடுக்கவில்லை. மகள் அப்பாவுக்கு எதிராகக் கோர்ட் படி ஏறினாள். வளர்த்த கையை எதிர்த்து நிற்க எப்படித் துடித்திருக்குமோ! 1840 செப்டம்பர் 12-ல் கல்யாணம். மறுநாள் அவளுக்கு 21 வயது.

புகுந்த வீட்டில் வேறு சங்கடம். கணவர் பாட்டு இயற்றும்போது இவள் பியானோவைத் தொடக்கூடாது, சத்தம் இடைஞ்சலாம். பதினாலு வருஷத்தில் எட்டுப் பிரசவம். அதற்கு நடுவிலும் கச்சேரிகளை விடவில்லை. 1854-ல் கணவருக்கு மனநோய் முற்றியது, 1856-ல் காலமானார். 36 வயதில், ஏழு குழந்தைகளோடு நின்ற க்ளாரா ஊர் ஊராகப் போய் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். கை வலி படுத்தியும் விடவில்லை. கடைசிக் கச்சேரி 1891-ல், 71 வயதில்!

இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். மாமி நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சம்பாதிச்ச பணம் கைக்கு வராமப் போச்சேன்னு, பணத்து மேலேயே ஏறி உட்கார்ந்துட்டா பாரேன்!" என்றாள்.